ஹோம் நர்சிங் நடத்துகிறவர்கள் பாலிசியில் பார்க்க வேண்டியவை

ஹோம் நர்சிங் நிறுவனத்துக்குக் காப்பீடு கேட்டுப் போனால், ஏஜென்ட் பெரும்பாலும் ஆபீஸ் பேக்கேஜ் பாலிசியைத்தான் முதலில் எடுத்து வைப்பார். தீ, திருட்டு, கம்ப்யூட்டர் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் இந்தத் தொழில் ஆபீசில் நடப்பதில்லை. நர்ஸ் குளியலறையில் வழுக்கி விழுவதும், நோயாளி கட்டிலிலிருந்து சரிவதும், நகை காணாமல் போவதும் அடுத்தவர் வீட்டில். பாலிசியில் ஒரே ஒரு முகவரி மட்டும் இருந்தால் இவற்றில் எதற்கும் அது உதவாது. "ஊழியர் எங்கே இருக்கிறாரோ அங்கேயும் செல்லுமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

முதலில் ஊழியர்கள். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீடு கட்டாயம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதில் வருவார்கள். நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், ஊழியர் பங்கு 0.75 சதவீதம். அவர்களுக்கு வேலையில் விபத்து நேர்ந்தால் இ.எஸ்.ஐ.யே பார்த்துக்கொள்ளும். அந்த வரம்பைத் தாண்டிய ஐ.சி.யூ. நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் போன்றவர்களுக்கும், பத்துப் பேரை எட்டாத சிறிய நிறுவனங்களுக்கும், வேலையில் நேரும் விபத்துக்கு நிறுவனம் தர வேண்டிய தொகையை ஏற்கும் ஊழியர் இழப்பீட்டு பாலிசி வேண்டும்.

தொகை எவ்வளவு வரும் என்று தெரிந்தால் அதைத் தள்ளிப்போட மனம் வராது. இறப்பு என்றால், மாதச் சம்பளத்தில் பாதியை, இறந்தவரின் வயதுக்குச் சட்டத்தில் குறித்திருக்கும் காரணியால் (ஒரு பெருக்கல் எண்) பெருக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 2020 முதல் உச்சவரம்பு 15,000 ரூபாய். 40 வயதுக்குக் காரணி 184.17. ஆக 7,500 × 184.17 = 13,81,275 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு. தக்க காரணமில்லாமல் தாமதித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் சேரலாம். அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது. வட்டியைக்கூட நிபந்தனை போட்டு விலக்க முடியும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும் இதில் வரலாம். பயணத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு நிரூபணமானால் அது வேலை சார்ந்த விபத்துதான் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரவு ஷிஃப்டுக்கு ஸ்கூட்டியில் போகும் பெண்களை வைத்து நடக்கும் தொழிலில் இது சின்ன விஷயமில்லை.

பிரீமியத்தைக் குறைக்க ஆள் எண்ணிக்கையையோ சம்பளத்தையோ குறைத்துக் காட்டாதீர்கள். கிளெய்ம் வரும்போது சம்பளப் பதிவேட்டைக் கேட்பார்கள், தொகையை அந்த விகிதத்தில் வெட்டுவார்கள். "அவர்கள் எங்கள் ஊழியர் இல்லை, நாங்கள் ஆள் அனுப்புகிறோம், அவ்வளவுதான்" என்ற வாதமும் பலவீனமானது. ஷிஃப்டையும் சம்பளத்தையும் நிர்ணயிப்பது யார், லீவில் போனால் மாற்று ஆள் அனுப்புவது யார் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

அடுத்தது, பராமரிப்பில் தவறு என்று நோயாளி தரப்பு கேட்கும் இழப்பீட்டுக்கான தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு. வழக்கமாக வரும் புகார்கள் படுக்கைப்புண், கீழே விழுதல், ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) உணவு நுரையீரலுக்குள் போவது, இன்சுலின் அளவு தவறுவது. இந்த பாலிசியின் சூட்சுமம் தேதியில் இருக்கிறது. தவறு நடந்த நாளில் பாலிசி இருந்தால் மட்டும் போதாது, புகார் வரும் நாளிலும் அது நடப்பில் இருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 2023 கடைசியில் நடந்ததற்கு 2025இல் நோட்டீஸ் வரலாம். இடையில் கம்பெனி மாறி, பழைய முன்தேதியை (எந்த நாள் முதல் நடந்த தவறுகளுக்குப் பாலிசி செல்லும் என்ற தேதியை) புது பாலிசியில் ஏற்றாமல் விட்டிருந்தால், கட்டிய பிரீமியம் அத்தனையும் வீண். ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு, ஓராண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்ற இரண்டு வரம்பையும் பாருங்கள். வக்கீல் செலவும் அதே வரம்புக்குள் கழிகிறதா என்று கேளுங்கள்.

விண்ணப்பப் படிவத்தில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை முழுசாக எழுதுங்கள்: ஐ.வி. (நரம்பில் மருந்து ஏற்றுவது), ட்ரக்கியாஸ்டமி சக்ஷன் (தொண்டைத் துளைக் குழாயில் சளி உறிஞ்சுவது), கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்). நர்சிங் கவுன்சிலில் பதிவு இல்லாத அட்டெண்டர் ஊசி போட்டால் கிளெய்ம் செல்லாது. அது நோயாளிக்கும் ஆபத்து.

நகைத் திருட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஊழியரே செய்யும் திருட்டு, மோசடிக்கான ஊழியர் நம்பிக்கை மோசடி பாலிசி சாதாரணமாக நிறுவனத்தின் பணத்தையும் பொருளையும்தான் காக்கும். வாடிக்கையாளர் வீட்டுப் பொருளுக்கு அதில் தனி இணைப்பு வாங்க வேண்டும். அப்போதும் போலீஸ் புகார் இல்லாமல் எதுவும் நகராது.

வாடகைக்கு விடும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், பைபேப் (மூச்சுக்கு உதவும் கருவி), கட்டில் ஆகியவற்றுக்கு இடம் மாறினாலும் செல்லும் ஆல் ரிஸ்க் பாலிசி எடுங்கள். சீரியல் எண்ணோடு பட்டியல் கொடுங்கள்.

கிளெய்ம் ஜெயிப்பதும் தோற்பதும் பதிவேட்டில். நோயாளியை ஏற்கும் முதல் நாளே உடல் முழுதும் பார்த்து, ஏற்கனவே உள்ள புண்ணின் அளவை சென்டிமீட்டரில் குறித்து, குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்குங்கள். எந்த நேரத்தில் திருப்பிப் படுக்க வைத்தோம், என்ன மருந்து, எந்த டாக்டரின் சீட்டு என்பதை ஷிஃப்ட் முடிந்த பிறகு மொத்தமாக எழுதாமல் அப்போதைக்கப்போது எழுதச் சொல்லுங்கள். ஏதாவது நடந்துவிட்டால் நோயாளிக்கு வேண்டிய சிகிச்சையை உடனே பாருங்கள், குடும்பத்தோடு கனிவாகப் பேசுங்கள். ஆனால் "நாங்களே பணம் தந்துவிடுகிறோம்" என்று காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் வாக்குக் கொடுக்காதீர்கள். அதையே காட்டிக் கிளெய்மை நிராகரிக்கலாம். அன்றைக்கே மின்னஞ்சலில் தகவல் அனுப்பி, அவர்கள் தரும் கிளெய்ம் எண்ணைக் குறித்து வையுங்கள்.