41-ஆம் நாள்

வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் தலைமையிடத்துத் துணை வட்டாட்சியராக இருந்த காலம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அங்கே பொதுத் தகவல் அலுவலரும் நான்தான். பதவியோடு கூடவே வரும் பொறுப்பு அது. அதற்கென்று தனி ஆள் கிடையாது.

ஒரு பெரியவரிடமிருந்து மனு வந்தது. கோடு போட்ட தாள், மேல் ஓரத்தில் 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப். பட்டா மாறுதல் கேட்டுத் தான் கொடுத்த மனு ஏன் தள்ளுபடியானது, அந்தக் கோப்பின் நகல் வேண்டும் என்று எழுதியிருந்தார். 'கோப்பை வைக்கவும்' என்று ஓரத்தில் எழுதிப் பிரிவு எழுத்தருக்கு அனுப்பினேன். இரண்டே நாளில் கோப்பு வந்துவிட்டது. மேசையின் இடதுபக்கம் வைத்தேன். அதன்மேல் வாக்காளர் பட்டியல் வேலை ஏறியது, அப்புறம் ஜமாபந்திக் கணக்குகள்.

தரக்கூடாது என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் அப்போதே எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆனால் சட்டத்தின் 7-ஆம் பிரிவு என் மனதைப் பார்ப்பதில்லை, நாளைப் பார்க்கிறது. 30 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் மனுவை மறுத்ததாகவே பொருள். பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது குறித்துக்கொண்டு அடுத்த பக்கம் போய்விட்டேன். சட்டமீறல் என்றால் லஞ்சம், போலிக் கையெழுத்து, ஆவணத்தைக் கிழிப்பது என்றுதான் அதுவரை என் மனதில் இருந்தது. சட்டத்தை 'மீறினான்' என்கிறோம், கடமையில் 'தவறினான்' என்கிறோம். மீறுகிறவனுக்குத் தான் செய்வது தெரியும். தவறுகிறவனுக்குப் பல நேரம் தெரிவதே இல்லை. எனக்கும் தெரியவில்லை.

41-ஆம் நாள் பெரியவர் நேரில் வந்து நின்றார். கையில் தபால் ஒப்புகை அட்டை, நான்காக மடித்தது.

"கோட்டாட்சியர்கிட்ட அப்பீல் போடணும் சார். அந்த நகல் இல்லாம வக்கீல் கையெழுத்தே போடமாட்டேங்கிறாரு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. அடுக்கை நகர்த்திக் கோப்பை உருவினேன். தூசிகூடப் படியவில்லை. கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, நில அளவர் குறிப்பு, தள்ளுபடி ஆணை, எல்லாம் சேர்த்து 14 பக்கம். நகல் எடுக்க பத்து நிமிடம் ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்காக அவர் ஆறு வாரம் காத்திருக்கிறார்.

அவர் தகவல் ஆணையம் வரை போயிருந்தால், நியாயமான காரணம் இருந்ததென்று காட்ட வேண்டிய பொறுப்பு என்மேல்தான் விழுந்திருக்கும். காட்ட முடியாவிட்டால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம். 11 நாளுக்கு 2,750 என்று மனம் கணக்குப் போட்டது. வேலைப்பளு என்று சொல்லியிருப்பேன். அந்த வேலைகளும் உண்மைதான். ஆனால் அந்த ஆறு வாரத்தில் பத்து நிமிடம் கிடைக்கவே இல்லை என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்?

நகலை நீட்டியதும் அவர் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்தார். பக்கத்துக்கு 2 ரூபாய் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பத்து ரூபாய்த் தாள், மீதிக்குச் சில்லறை. சரியாக 28 ரூபாய்.

"வேண்டாம் ஐயா, பணம் இல்லை."

"நல்லா இருப்பீங்க சார்," என்று கும்பிட்டார்.

காலக்கெடு தாண்டினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்பது அதே 7-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவு. நான் செய்தது தயவு இல்லை. அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை, அவர் காகிதங்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அன்று மாலை தகவல் உரிமைப் பதிவேட்டை நானே எடுத்தேன். கட்டணக் கலத்தில் 'இல்லை' என்றும், அதற்குப் பக்கத்தில் 'காலக்கெடு கடந்ததால், பிரிவு 7(6)' என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன்.