தட்டின் முதுகைப் பார்க்கப் பழகிய கதை

லண்டனின் தேம்ஸ் ஆற்றங்கரையில் பொறுக்கிய முதல் பை ஓட்டுச் சில்லுகளை வீட்டு மேசையில் கொட்டியபோது எனக்கு ஒரே பெருமை. நாற்பது துண்டாவது இருக்கும். வெள்ளையில் நீலம் தெரிந்தால் போதும், டெல்ஃப்ட், அதாவது வெள்ளை மெருகு (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) போட்டுக் கையால் வரைந்த பழைய மண்பாத்திரம், என்று எடுத்து வந்திருந்தேன். அதில் நிஜமான டெல்ஃப்ட் இரண்டே இரண்டு என்று புரிய மூன்று மாதம் ஆனது. மிச்சமெல்லாம் 19-ஆம் நூற்றாண்டின் அச்சுப் படம் போட்ட தட்டுகள்.

முதலில் அனுமதி விஷயம். ஆற்றை நிர்வகிக்கும் போர்ட் ஆஃப் லண்டன் அத்தாரிட்டியின் அனுமதிச் சீட்டு இல்லாமல், தண்ணீர் இறங்கும்போது வெளியே தெரியும் அந்தக் கரைச் சேற்றில் எதையும் தேடக் கூடாது. தோண்டாமல் கண்ணில் பட்டதைப் பொறுக்குவதற்கும் அதே விதிதான். நான் வாங்கியபோது சுலபமாகக் கிடைத்தது. பிறகு கூட்டம் பெருகி, காத்திருப்போர் பட்டியல் வந்துவிட்டது. சீட்டோடு ஒரு கடமையும் வரும்: 300 வருடத்துக்கு மேல் பழையது என்று தோன்றும் பொருளை லண்டன் மியூசியத்தில் அதற்கென்றே இருக்கும் அலுவலரிடம் காட்டிப் பதிய வேண்டும்.

அப்புறம் ஓத அட்டவணை, அதாவது கடலோடு சேர்ந்து ஆறு ஏறி இறங்கும் நேரப் பட்டியல். லண்டன் பாலத்தருகே ஆறு ஏறி இறங்குவது ஏறக்குறைய ஏழு மீட்டர். தண்ணீர் திரும்பி ஏறும்போது சத்தமே வராது. எந்தப் படிக்கட்டு வழியாக மேலே ஏறுவது என்று முடிவு செய்த பிறகே குனிய வேண்டும்.

சரி, டெல்ஃப்டை எப்படித்தான் கண்டுபிடிப்பது? எனக்குக் கைகொடுத்தது உடைந்த விளிம்பு. பீங்கான் உடைந்தால் கண்ணாடி மாதிரி வழவழப்பாக, உள்ளும் புறமும் ஒரே வெள்ளையாக இருக்கும். டெல்ஃப்ட் அப்படியில்லை. உள்ளே வெளிர் மஞ்சளோ இளஞ்சிவப்போ கலந்த மென்மையான மண், நகத்தால் சுரண்டினால் பொடி உதிரும். அதன் மேல் போர்த்திய மாதிரி வெள்ளை மெருகு தனியாகத் தெரியும். காரீய மெருகில் வெள்ளீய ஆக்சைடைக் கலந்தால் அது பால் போல வெளுத்து மண்ணின் நிறத்தை மறைத்துவிடும். சீனப் பீங்கானுக்கான மண் கிடைக்காதவர்கள் கண்ட வழி அது.

நீலத்தையும் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். அச்சுப் படம் என்றால் பொடிப்பொடிப் புள்ளியும் கீறலும் தெரியும். டெல்ஃப்டில் தூரிகை தெரியும். ஒருமுறை சுட்ட பாத்திரத்தை மெருகுக் குழம்பில் தோய்த்து, அது மாவாகக் காய்ந்திருக்கும்போதே வரைவார்கள். அந்த மாவு சாயத்தைப் பட்டதும் குடித்துவிடும், அழித்து எழுத வழியில்லை. என்னிடமுள்ள ஒரு விளிம்புத் துண்டில் சாய்வாக நான்கு நீலக் கோடுகள். மூன்றாவதில் கை சற்றே நின்றிருக்கிறது, அந்த இடத்தில் மட்டும் நீலம் தேங்கிக் கறுத்திருக்கிறது.

அதே துண்டைத் திருப்பினால் வெள்ளையே இல்லை! வெறும் காரீய மெருகு, மங்கிய மஞ்சள். இது வேறு பாத்திரமோ என்று முதலில் குழம்பினேன். வெள்ளீயம் விலை அதிகம். சுவரில் மாட்டும் தட்டின் பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? 17-ஆம் நூற்றாண்டின் பெரிய தட்டுகள் பலவற்றுக்கு முதுகில் இந்தச் சிக்கனம்தான். அன்றிலிருந்து எந்தத் துண்டை எடுத்தாலும் முதலில் முதுகைத்தான் பார்க்கிறேன். முழுத் தட்டை மியூசியம் கண்ணாடிக்குள் நிமிர்த்தி வைத்திருப்பார்கள், அங்கே இது தெரியாது. உடைந்ததில் எனக்கு லாபம்.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். சிவப்பும் ஊதாவுமாகப் பூ வரைந்த ஒரு துண்டை அவசரத்துக்கு ரேடியேட்டர் மேல் காய வைத்தேன். மறுநாள் காலை பாதிப் பூ மெருகோடு உரிந்து கிடந்தது. மண்ணுக்குள் ஊறிய உப்பு காயும்போது படிகமாகி மெருகைத் தள்ளிவிடும். இப்போது பல நாள் நல்ல தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, நிழலில்தான் உலர்த்துகிறேன். ப்ளீச் பக்கமே போவதில்லை.

இந்தத் தொழில் லண்டனுக்கு வந்த கதை தெரிந்த பிறகு கரையே வேறு மாதிரித் தெரிந்தது. 1567-இல் இன்றைய பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலிருந்து ஜாஸ்பர் ஆண்ட்ரீஸ், ஜேக்கப் ஜான்சன் என்ற இரு குயவர்கள் இங்கிலாந்தின் நாரிச் நகருக்கு வந்தார்கள். 1570-இல் லண்டனில் ஆற்றோரமாக இடம் வேண்டும் என்று எலிசபெத் ராணிக்கு மனு போட்டார்கள். ஜான்சன் ஆல்ட்கேட்டில் சூளை போட்டார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஊர் இதில் பேர் வாங்கியது அதற்கெல்லாம் பிறகுதான். பெயரை மட்டும் அது தட்டிக்கொண்டு போய்விட்டது. அடுத்த நூற்றாண்டில் சதக்கில் பிக்கிள்ஹெரிங், மாண்டேக் குளோஸ், அப்புறம் லாம்பெத் என்று ஆற்றின் தென்கரை நெடுகச் சூளைகள்.

தென்கரையில்தான் இன்னொரு துண்டும் கிடைத்தது. உள்ளங்கை அகலம், படமே கிடையாது. உடைந்த விளிம்பைப் பார்த்தால் மண் தெரியவில்லை, உடைப்பின் மேலேயே வெள்ளை மெருகு வழிந்திருந்தது. மியூசியம் அலுவலர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது வீட்டுக்கே போனதில்லை. மெருகு உருகும்போதே சூளைக்குள் பிளந்துவிட்டது. எடுத்து அப்படியே எறிந்திருக்கிறார்கள்,” என்றார். நான் பெருமையாகக் கொண்டுபோன பூத் துண்டுகளை ஒரு நிமிடத்தில் பார்த்து முடித்தவர், இதற்கு அரை மணி நேரம் செலவிட்டார். அளந்தார், எடை போட்டார், இரு பக்கமும் படம் எடுத்தார்.

எந்தச் சூளை என்று கேட்டேன். ஒரு துண்டை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது என்று சிரித்தார். பதிவில் ‘லண்டன், 17-ஆம் நூற்றாண்டு, சூளைக் கழிவு’ என்று எழுதித் துண்டை என்னிடமே திருப்பித் தந்தார்.