ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்: ஒரு பண்ணைக் குடும்பத்துக் காகிதங்களோடு மூன்று வாரம்

2025 மார்ச் 3, திங்கள்

ஆப்லிங்கர் குடும்பத்துக் கடிதங்களை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கியாயிற்று. யூரையா ஆப்லிங்கர் இண்டியானாக்காரர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர். 1872இல் நெப்ராஸ்காவின் ஃபில்மோர் கவுண்டிக்குப் போய் இலவச அரசு நிலத்தில் இடம் பிடித்தார். மனைவி மேட்டியும் குழந்தை எல்லாவும் இண்டியானாவில் தங்கிவிட்டு, 1873 மே மாதம் போய்ச் சேர்ந்தார்கள். புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீட்டில் குடியிருந்தார்கள். 1880இல் பிரசவத்தில் மேட்டி இறந்தார். கடிதங்கள் ஏறத்தாழ 3,000 பக்கம். அசல் லிங்கன் நகரில், நெப்ராஸ்கா மாநில வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது. சாலமன் பட்சர் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்களோடு சேர்த்துக் காங்கிரஸ் நூலகம் இவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது.

வாசிக்குமுன் ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்ள வேண்டும்: எழுதியவர், பெறுபவர், தேதி. பத்துப் பதினைந்து கடிதம் பதிந்ததுமே ஒன்று கண்ணில் படும். கணவன் மனைவிக்கு எழுதியது பிரிந்திருந்த மாதங்களில்தான். 1873 மே மாதத்தோடு அது நின்றுபோகிறது. அதன்பின் இண்டியானாவில் இருக்கும் தாய்வீட்டாருக்கு மேட்டி எழுதுகிறார். எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் இப்படித்தான். ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுவதில்லை. சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்று கேட்டால், பதில் சொல்ல வரி ரசீதும் கடைக் கணக்கும் அடமானப் பத்திரமும்தான் இருக்கின்றன. பழைய பெட்டியைத் திறந்ததும் கடிதத்தை வைத்துக்கொண்டு துண்டுச் சீட்டுகளைக் கழித்துவிடும் பழக்கத்தால் போவது இந்த ஆண்டுகள்தான்.

மார்ச் 4, செவ்வாய்

அசல் காகிதப் பெட்டி ஒன்று கைக்கு வந்தால் முதல் நாள் எதையும் வரிசைப்படுத்தக் கூடாது. இருந்தபடியே மேலிருந்து படம் எடுக்க வேண்டும்; ஒரு கட்டை எடுத்தபின் மறுபடி ஒரு படம். நூலால் கட்டிய கட்டு என்றால், கட்டியவருக்கு அதில் ஒரு காரணம் இருந்திருக்கிறது. கிரயப் பத்திரத்தோடு ஒரு கடிதம் கட்டப்பட்டிருந்தால், பெரும்பாலும் அந்த நிலத்தின் பேச்சு கடிதத்தில் இருக்கும். தேதிவாரியாகப் பிரித்த மறுநிமிடம் அந்தத் தொடர்பு போய்விடும். பிறகு யாராலும் ஒட்ட முடியாது.

உறையும் கடிதமும் ஒரே எண் பெற வேண்டும்: 12, 12அ. எண்ணைத் தாளின் பின்புற மூலையில் மென்மையான பென்சிலால், தாளைக் கெட்டியான பரப்பில் வைத்து, அழுத்தாமல் எழுத வேண்டும். பேனா கூடாது, ஒட்டுச் சீட்டும் கூடாது.

துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாளும் கூடவே வரும். பாலியெஸ்டர் படலத்தில் இரண்டு சிறு துண்டு வெட்டி, ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மேலே ஒன்று, கீழே ஒன்று செருகி, துரு ஒட்டிய இடத்தை மெல்ல விடுவித்தபின் ஊசியை உருவ வேண்டும்.

மார்ச் 6, வியாழன்: மை

அன்று பரவலாக எழுதிய மை இரும்பு மை. நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சரக்குதான் அதிலும்: மாசிக்காய்த் துவர்ப்பு, அன்னபேதி உப்பு, வேலம் பிசின், தண்ணீர். எழுதும்போது வெளிறியிருக்கும்; காற்றுப் பட்டதும் கறுக்கும்; பல பத்தாண்டுக்குப் பின் பழுப்பாகும். பழுப்பு மையைப் பார்த்து 'எழுதும்போதே பழுப்பு' என்று எண்ணிவிடக் கூடாது.

அன்னபேதி அளவுக்கு மிஞ்சினால் கேடு. மை உருவாகும்போதே கந்தக அமிலம் பிறக்கிறது. துவர்ப்போடு சேராமல் எஞ்சிய இரும்பு, தாளின் நாரைக் காற்றோடு சேர்ந்து அரிக்கத் தூண்டுகிறது. முதலில் எழுத்தின் சாயல் பின்பக்கம் தெரியும்; அடுத்து எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம்; அதற்கும் அடுத்து, மை திரண்ட இடங்களில், அடிக்கோட்டிலும் பெரிய எழுத்தின் சுழியிலும் தாள் பொத்தல் விழும். பொத்தல் விழும் நிலையிலுள்ள கடிதத்தை மடக்கி விரித்தாலே எழுத்து உதிரும்.

இரும்பு எஞ்சியிருக்கிறதா என்று பார்க்கப் பாதோஃபினாந்த்ரோலின் தோய்த்த சோதனைத் தாள் உண்டு. சற்றே ஈரமாக்கி எழுத்தின்மேல் ஒற்றினால், கேடு செய்யும் இரும்பு இருக்கும் இடத்தில் இளஞ்சிவப்பு ஏறும். அப்படிப்பட்ட தாளுக்கு ஈரமே ஆகாது; ஈரம் பட்டால் இரும்பு எழுத்தைத் தாண்டி வெள்ளைத் தாளுக்குள் நகரும். 1870களிலிருந்து காப்பியிங் பென்சிலும் வருகிறது. பார்க்கச் சாதாரணப் பென்சில்போலத்தான் இருக்கும். ஒரு சொட்டு நீர் பட்டால் போதும், ஊதாவாக ஓடிவிடும்.

மார்ச் 7, வெள்ளி: விரித்தல்

நூற்றைம்பது ஆண்டு மடிந்து கிடந்த தாளை மேசையில் வைத்துக் கையால் தேய்த்துச் சமன்படுத்தினால் மடிப்பிலேயே கிழியும். சோதித்து மை தாங்கும் என்று தெரிந்தவற்றுக்கு மட்டும் ஈரக்காற்று கொடுக்கலாம். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த மை ஒற்றும் தாள், அதன்மேல் பிளாஸ்டிக் வலைத்தட்டு, அதன்மேல் நெய்யாத பாலியெஸ்டர் துணி, அதன்மேல் கடிதம். மூடியில் நீர் திரண்டு சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் தாள் இளகிவிடும்; அரைமணிக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. இளகியதும் இரண்டு உலர்ந்த ஒற்றுத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே கண்ணாடிப் பலகையும் எடையும் ஏற்றி, ஒருமணி கழித்து ஒற்றுத் தாளை மாற்றி, ஒருநாள் முழுக்க விட்டுவிட வேண்டும். சீக்கிரம் எடுத்தால் தாள் அலையலையாகும்.

பாதிக்கு மேற்பட்ட கடிதங்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. மெல்ல விரித்து எடைக்குக் கீழ் ஒரு வாரம் வைத்தால் போதும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. பசை மஞ்சளித்து நாருக்குள் இறங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

மார்ச் 11, செவ்வாய்: தேதியில்லாக் கடிதம்

'ஞாயிறு மாலை' என்று மட்டும் எழுதிய கடிதம் ஏராளம். உறை இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அன்றைய அஞ்சல் முத்திரையில் பெரும்பாலும் மாதமும் நாளும்தான் இருக்கும், ஆண்டு இருக்காது.

தபால் கட்டணம் ஆண்டைச் சொல்லும். 1845 முதல் 300 மைலுக்குள் 5 சென்ட், அதற்கு மேல் 10. 1851 முதல் முன்பணம் கட்டினால் 3,000 மைல்வரை 3 சென்ட். 1856 முதல் தபால்தலை கட்டாயம். 1883 அக்டோபர் 1 முதல் 2 சென்ட். 1845க்கு முன் ஒவ்வொரு தாளுக்கும் காசு. உறையும் ஒரு தாள்தான். அதனால் கடிதத்தையே மடித்து வெளிப்பக்கம் முகவரி எழுதினார்கள். உறை பரவியது எடைக்குக் காசு என்றான பிறகு. 1861இல் தென்மாநிலங்கள் பிரிந்ததும் பழைய தலைகள் செல்லாமல் போய்ப் புதியவை வந்தன. ஆகையால் போர்க்கால உறையில் தலையின் படமே ஒரு சாட்சி.

உள்ளே 'இன்ஸ்ட்.' என்றால் இந்த மாதம், 'அல்ட்.' என்றால் சென்ற மாதம், 'பிராக்ஸ்.' என்றால் வரும் மாதம். '28 அல்ட். எழுதிய கடிதம் கிடைத்தது' என்று ஏப்ரலில் எழுதியிருந்தால், அது மார்ச் 28. ஜனவரிக் கடிதங்களில் பழைய ஆண்டையே எழுதிவிடும் பிழை சகஜம். ஒரே கடிதம் மூன்று நாள் நீள்வதும் உண்டு; ஊருக்குள் போகும் ஆள் கிடைக்கும்வரை எழுதிக்கொண்டே இருப்பார்கள். தலைப்பில் உள்ள தேதியை எல்லாப் பத்திக்கும் ஏற்றிவிடக் கூடாது.

புயலும் பூச்சியும் தேதி காட்டும். ஆப்லிங்கர் கடிதங்களில் வரும் ஈஸ்டர் பனிப்புயல் 1873 ஏப்ரல் 13 அன்று தொடங்கியது. வெட்டுக்கிளிப் படை என்றால் முதலில் 1874ஐ நினைக்கலாம். அதோடு முடிவு கட்டிவிடக் கூடாது, முன்னும் பின்னும் பூச்சி வந்த ஆண்டுகள் உண்டு.

மார்ச் 12, புதன்: கையெழுத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, 'எஸ்' இரட்டித்து வந்தால் முதல் 'எஸ்'ஸை நீட்டி எழுதும் வழக்கம் இருந்தது. புதிதாக வாசிப்பவர் கண்ணுக்கு அது 'பி' போலத் தெரியும். 'மிஸ்' என்பது 'மிப்' ஆகிவிடும். இப்படித்தான் இல்லாத பெயர்கள் வம்சாவளிக்குள் நுழைகின்றன.

தாளும் தபால்செலவும் மிச்சம் பிடிக்க, எழுதி முடித்த பக்கத்தைத் திருப்பி, அதன்மேலேயே குறுக்காக எழுதுவார்கள். ஸ்கேனை 90 பாகை திருப்பி, வரிக்குக் கீழ் ஒரு அட்டை நகர்த்தி வாசித்தால் ஒரு அடுக்கு பின்னுக்குப் போகும். படியெடுக்கும்போது பிழை எழுத்தைத் திருத்தக் கூடாது. பேசியபடியே எழுதியவர்களுடைய பிழையில் அவர்கள் உச்சரிப்பு இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி: நிலக் காகிதம்

1862 மே 20 அன்று அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட குடியிருப்புச் சட்டப்படி இலவச அரசு நிலம் 160 ஏக்கர். எல்லாக் கட்டணமும் சேர்த்து 18 டாலர். ஐந்து ஆண்டு குடியிருந்து உழ வேண்டும். ஏழு ஆண்டுக்குள் இரண்டு சாட்சிகளோடு நிரூபித்துப் பட்டா வாங்க வேண்டும். 1872 சட்டத்தால், யூரையா போன்ற முன்னாள் படைவீரர்கள் படையில் இருந்த காலத்தை அந்த ஐந்தில் கழித்துக்கொள்ளலாம். பெட்டியில் பட்டா மூன்றே ஆண்டில் வந்திருந்தால், தேதி பிழை என்று எண்ணாமல் படைப்பணியைத் தேட வேண்டும்.

நில விவரம் நம் பத்திரத்துச் செக்குபந்திபோல நான்கெல்லை சொல்லாது. 'வடமேற்குக் கால், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 5 வடக்கு, ரேஞ்ச் 4 மேற்கு' என்று வரும். இதைப் பின்னாலிருந்து முன்னுக்கு வாசிக்க வேண்டும். ரேஞ்சும் டவுன்ஷிப்பும் ஆறு மைல் சதுரம் ஒன்றைக் காட்டும். அதற்குள் 36 செக்‌ஷன். வடகிழக்கு மூலையில் 1 தொடங்கி மேற்கே 6வரை போய், கீழே இறங்கி 7 கிழக்கே திரும்பி, பாம்பு நெளிவதுபோல் தென்கிழக்கு மூலையில் 36இல் முடியும். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160. நெப்ராஸ்காவில் ரேஞ்ச் கணக்கு, நில அளவைக்காக வகுத்த வடக்கு-தெற்குக் கோடுகளில் ஒன்றான ஆறாம் முதன்மைத் தீர்க்கரேகையிலிருந்து.

பட்டாவைவிட அதற்குப் பின்னாலுள்ள நிரூபணக் கோப்புதான் சத்துள்ளது. தேசிய ஆவணக் காப்பகத்தில் பதிவுத் தொகுதி 49இல் அவை இருக்கின்றன. வீட்டின் நீள அகலம், கிணறு, உழுத ஏக்கர், எல்லாம் சாட்சிகள் வாயால் வரும். பட்டா வாங்காமல் விட்டுப் போனவர்களுக்கும் கோப்பு உண்டு. ஆனால் பட்டா அட்டவணையில் அவர்கள் பெயர் வராது. நிலவாரிப் பதிவேட்டில்தான் தேட வேண்டும். தோற்றவர்களின் காகிதம் இப்படித்தான் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

மார்ச் 18, செவ்வாய்: கணக்கு

புஷல் என்பது நம் மரக்கால்போல முகத்தல் அளவு, ஏறத்தாழ 35 லிட்டர். விற்கும்போது அதை எடையாக்கிக் கொண்டார்கள்: கோதுமை 60 ராத்தல், உதிர்த்த மக்காச்சோளம் 56, கதிரோடு மக்காச்சோளம் 70, ஓட்ஸ் 32. மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும். பேரேட்டில் சோளம் கதிரா உதிர்த்ததா என்று பாராமல் விளைச்சலைக் கூட்டினால் கணக்கு பொய்.

கடைக் கணக்கின் ஒரு பக்கத்தில் காப்பி, உப்பு, துணி. எதிர்ப்பக்கத்தில் வெண்ணெயும் முட்டையும். அந்த வெண்ணெய் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் உழைப்பு. அவர்கள் கையெழுத்தில் ஒரு கடிதம்கூட இல்லாத குடும்பத்திலும் அந்த ராத்தல்கள் எழுதப்பட்டிருக்கும். இந்தத் துண்டுச் சீட்டுகளை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இதுவே.

சரிபார்க்க 1850, 1860, 1870, 1880 விவசாயக் கணக்கெடுப்பு இருக்கிறது: பண்பட்ட நிலம், கறவை மாடு, வெண்ணெய், தானியம் எல்லாம் பண்ணைவாரியாக. அதிலுள்ள விளைச்சல் ஜூன் 1க்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துடையது. 1870 பட்டியலில் சொல்லும் கோதுமை 1869இல் அறுத்தது. 1870 பேரேட்டோடு ஒப்பிட்டால் பொருந்தாது.

கிரயப் பத்திரத்தில் வருவாய்த் தலை ஒட்டியிருந்தால் 1862க்கும் 1872க்கும் இடைப்பட்டதாக இருக்கலாம். 500 டாலருக்கு 50 சென்ட் வீதம். விலையை மறைத்து 'ஒரு டாலர்' என்று எழுதிய பத்திரத்திலும் தலையைக் கூட்டினால் உண்மை விலையை நெருங்கலாம்.

மார்ச் 19, புதன்

படங்கள். காந்தம் மெல்ல இழுத்தால் இரும்புத் தகட்டுப் படம், கண்ணாடியை இழுக்காது. படத்தின் பின்னால் வரித்தலை இருந்தால் 1864–1866. முடிக்கற்றை, அழுத்திய பூ இருந்தால் தனி உறையில் இட்டு, எந்தக் கடிதத்திலிருந்து எடுத்தது என்ற எண்ணை அந்த உறையில் எழுதிவிட வேண்டும்.

மார்ச் 21, வெள்ளி: பெட்டியில் வைத்தல்

அமிலமும் லிக்னினும் (மரக்கூழில் இருந்து தாளைப் பழுப்பாக்கும் பொருள்) இல்லாத உறைமடலில் பத்துப் பன்னிரண்டு கடிதம். அதற்கு மேல் அடைக்கக் கூடாது. செய்தித்தாள் நறுக்கை நகலெடுத்துவிட்டு அசலைத் தனியே வைக்க வேண்டும். மரக்கூழ்த் தாளின் அமிலம் பக்கத்துக் கடிதத்தில் பழுப்புச் சதுரமாக இறங்கும். பெட்டி பாதி காலியாக இருந்தால் தாள்கள் சரிந்து வளையும். இடத்தை அட்டை மடித்து நிரப்ப வேண்டும். 20 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம். இவற்றைவிட முக்கியம், நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் இருப்பது. பரணும் நிலவறையும் வேண்டாம்.

பட்டியலில் கடிதத்துக்கு ஒரு வரி எழுதினால் ரசீதுக்கும் ஒரு வரி: எண், தேதி, யார் யாருக்கு, எவ்வளவு, எந்தக் கட்டில் இருந்தது.