பிரைமர் அடிக்க கன் தேடுறதுக்கு முன்னாடி கம்ப்ரஸரைப் பாருங்க

வீட்லயே காருக்கு பிரைமர் (கலருக்கு முன்னாடி போடுற அடி கோட்) அடிச்சிடலாம்னு இறங்குறவங்க எல்லாரும் முதல்ல தேடுறது ஸ்ப்ரே கன்னைத்தான். எது நல்ல பிராண்டு, எது நைசா அடிக்கும்னு ராத்திரி பூரா வீடியோ பாப்பாங்க. ஆனா பிரைமரைப் பொறுத்தவரைக்கும் கன் அவ்ளோ பெரிய விஷயமே இல்லைங்க, எப்படியும் காஞ்சதும் வாட்டர் பேப்பர் போட்டு தேய்க்கத்தானே போறோம், கொஞ்சம் ஆரஞ்சு பீல் (ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளம்) வந்தா வந்துட்டுப் போகட்டும். அந்தக் காசை கம்ப்ரஸர் பக்கம் திருப்பி விடுங்க.

ஹெச்விஎல்பி கன்னு (நிறைய காத்து, கம்மி ப்ரஷர்ல அடிக்கிறது) எல்லாரும் சொல்றாங்களே, ஓவர்ஸ்ப்ரே கம்மி, பிரைமர் வீணாகாது, எல்லாம் சரிதான். ஆனா அது காத்தை அப்படி இழுக்கும், பெரும்பாலும் 10லேர்ந்து 14 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காத்து) வரைக்கும் கேக்கும். நம்ம கிட்ட இருக்கிற 24 லிட்டர், 50 லிட்டர் டேங்க் எல்லாம் அதுக்கு யானைப் பசிக்கு சோளப்பொரி. பாதி டோர் அடிக்கிறதுக்குள்ள ப்ரஷர் இறங்கி, அகலமா வந்துட்டு இருந்த ஸ்ப்ரே சுருங்கி பொட்டு பொட்டா துப்ப ஆரம்பிச்சிடும். சின்ன கம்ப்ரஸர்தான் இருக்குன்னா எல்விஎல்பி கன் (கம்மி காத்து, கம்மி ப்ரஷர்ல அடிக்கிறது) பாருங்க, 4லேர்ந்து 7 சிஎஃப்எம்ல ஓடுற மாடல் இருக்கு, கொஞ்சம் மெதுவா போகும் அவ்ளோதான். இன்னொண்ணு, கம்ப்ரஸர் பாக்ஸ் மேல பெருசா போட்டிருக்கிற சிஎஃப்எம்மை அப்படியே நம்பிடாதீங்க, நிஜமா வெளிய வர்ற காத்து அதைவிட கம்மியாத்தான் இருக்கும்.

அடுத்தது நாசில் (பெயின்ட் வெளிய வர்ற கன் முனை), இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. கலருக்கும் கிளியருக்கும் போடுற 1.3, 1.4 மில்லிமீட்டர் நாசில்ல, தடிமனா படிஞ்சு ஸ்க்ராட்ச்சை மூடுற கெட்டியான ஹை பில்ட் பிரைமரை ஊத்தினா வராது, உடனே தின்னரைக் கொட்டி தண்ணியாக்கிடுவாங்க, அப்புறம் அது எங்க ஸ்க்ராட்ச்சை மூடும்? ஹை பில்டுக்கு 1.7லேர்ந்து 2.0 வரைக்கும் இருக்கணும், துரு பிடிக்காம இருக்கப் போடுற எபாக்ஸி பிரைமர்னா 1.4 – 1.6 போதும். டின்னோட டேட்டா ஷீட்லயே போட்டிருப்பான், அதைப் படிங்க முதல்ல.

ஹோஸ் கால் இன்ச் வேண்டாம், 3/8 இன்ச் போடுங்க, இல்லைன்னா ரெகுலேட்டர்ல ஒரு ப்ரஷர் காட்டும் கன்னுக்கு வேற ப்ரஷர் வரும். வாட்டர் ஃபில்டர் கட்டாயம், ஒரு சொட்டு தண்ணியோ எண்ணெயோ காத்தோட வந்துச்சுன்னா அந்த இடம் குழி குழியா ஆயிடும்.

வண்டில அடிக்கிறதுக்கு முன்னாடி சுவத்துல ஒரு பழைய பேப்பரை ஒட்டி, ட்ரிக்கரை ஒரு செகண்ட் அழுத்தி விட்டுப் பாருங்க. நடுவுல மட்டும் திட்டா நின்னா காத்து பத்தல, இல்ல பிரைமர் ரொம்ப கெட்டி. நடு காலியாகி மேலயும் கீழயும் மட்டும் விழுந்தா காத்து ஜாஸ்தி. இந்தப் பேப்பர் சொல்றது எந்த ரிவ்யூவும் சொல்லாது.

முழு வண்டியும் ஒரே மூச்சுல அடிக்கணும்னு பிரைமருக்கு அவசியமே இல்ல, இன்னைக்கு பானெட், நாளைக்கு ஃபெண்டர்னு போகலாம், நடுவுல டேங்க் ரொம்புறதுக்கும் கம்ப்ரஸர் சூடு ஆறுறதுக்கும் டைம் கிடைக்கும். ஒரு சின்ன டென்ட் மட்டும்னா இவ்ளோ தலைவலி எதுக்கு, ஸ்ப்ரே கேன்லயே முடிச்சிடுங்க.

கம்ப்ரஸரை அடிக்கிற எடத்துலயே வெக்காதீங்க, மோட்டார் ஸ்பார்க்கும் தின்னர் ஆவியும் ஒண்ணா இருக்கக்கூடாது. 2கே பிரைமர்னா (ஹார்டனர் கலந்து அடிக்கிறது) அந்த ஹார்டனர்ல பெரும்பாலும் ஐசோசயனேட்னு நுரையீரலைக் கெடுக்கிற கெமிக்கல் இருக்கும், தூசிக்குப் போடுற மாஸ்க் அதுக்கு ஒண்ணுமே இல்ல, வெளிக்காத்து குழாய்ல வர்ற மாஸ்க்தான் சரி. அது முடியாதுன்னா ஐசோசயனேட் இல்லாத பிரைமரா பாத்து வாங்குங்க, அதுக்கும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேணும். முடிச்ச கையோட கன்னைக் கழட்டி தின்னர்ல கழுவிடுங்க, 2கே உள்ளயே இறுகிடுச்சுன்னா அப்புறம் புது நாசில்தான்.