மாமாவும் பட்டை போட்ட வானமும்

மாமா பனோரமா (பல படங்களை ஒட்டிச் செய்யும் அகலப் படம்) எடுக்கிறார் என்றால் யாரும் குறுக்கே போகக்கூடாது, முக்காலியைத் தொடக்கூடாது, முடிந்தால் மூச்சுவிடுவதையும் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் ஒரு மலைத்தொடரை இடமிருந்து வலமாக எடுத்து முடித்தார். படத்துக்குப் படம் மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும் என்ற கணக்கு சரி, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி வைத்ததும் சரி. ராத்திரி கம்ப்யூட்டரில் ஒட்டிப் பார்த்தால் வானம் பட்டை பட்டையாக நிற்கிறது! மரங்கள் இருந்த பக்கம் வெளுப்பு, நடுவில் நீலம், சூரியன் இருந்த ஓரம் ஒரே மப்பு.

"என்னங்க இது, துணிக்கடை சாம்பிள் மாதிரி இருக்கு" என்றார் அத்தை.

மாமா உடனே சாப்ட்வேரைத் திட்ட ஆரம்பித்தார். அது என்ன செய்யும், பாவம். கேமரா ஆட்டோவில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு கிளிக்குக்கும் அது புதிதாக வெளிச்சத்தை அளந்து, மரத்தைப் பார்த்து இருட்டு என்று ஷட்டரை 1/60 நொடி வைக்கும், சூரியன் பக்கம் திரும்பியதும் பயந்துபோய் 1/500 வைக்கும். இரண்டுக்கும் 3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) வித்தியாசம், அதாவது 8 மடங்கு வெளிச்சம். ஒரே வானத்துண்டு இரண்டு படத்திலும் இருக்கும்போது எந்தச் சாப்ட்வேர்தான் சமாதானம் பேசும்?

மறுநாள் மேனுவலுக்கு மாற்றச் சொன்னேன். லென்ஸ் துவாரத்தை எஃப் 8-ல் வைத்து, வெளுத்துப் போகக்கூடாத இடங்களில் எது அதிகப் பிரகாசமோ அதற்கு ஷட்டரை முடிவு செய்து (சூரியனையே அளந்துவிடக் கூடாது), அதோடு கையை எடுத்துவிட வேண்டும். மாமா செய்தார். அப்படியும் பட்டை! பார்த்தால் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓ மட்டும் ஆட்டோவிலேயே இருந்து திருட்டுத்தனமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து 100-ல் கட்டினோம். ஒயிட் பேலன்ஸையும் வெயிலுக்கு என்று நிறுத்தினோம், இல்லாவிட்டால் நிறம் படத்துக்குப் படம் மஞ்சளும் நீலமுமாக மாறும்.

அப்புறம் மிச்சம் இருந்தது லென்ஸ் முன்னால் மாட்டியிருந்த போலரைசர் என்ற ஃபில்டர். சூரியனுக்கு 90 டிகிரி தள்ளி இருக்கும் வானத்தைத்தான் அது அதிகமாகக் கருக்கும், அகலமான படத்தில் அது நடுவில் ஒரு கறையாகத் தெரியும். கழற்றுங்கள் என்றால் "காசு போட்டு வாங்கியது" என்கிறார். எக்ஸ்போஷர் (படத்தில் விழும் வெளிச்ச அளவு) விளக்க ஆன நேரத்தைவிட இந்தப் பஞ்சாயத்துக்குத்தான் அதிக நேரம் ஆனது. ஒருவழியாகக் கழற்றி, எல்லாவற்றையும் பூட்டி, பாதிவரை எடுத்திருப்பார், சூரியனுக்குக் குறுக்கே மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. மேகத்தைப் பூட்ட எந்தக் கேமராவிலும் பட்டன் கிடையாது.

அது விலகட்டும் என்று நாங்கள் காத்திருந்த நேரத்தில், அத்தை போனை எடுத்து, திரையை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, நிதானமாக ஒரு சுற்று சுற்றினார். வானம் ஒரே சீராக வந்திருந்தது. மாமா போனை வாங்கி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் முகம் மலர்ந்தார்.

"எக்ஸ்போஷர் எல்லாம் சரிதான். ஆனா நம்ம பையனுக்கு மூணு கால் இருக்கே?"