கார் ஷெட்டுல ஸ்கூபா கம்ப்ரஸர் வச்ச கதை

கடலுக்கடியில சுவாசிக்க முதுகுல மாட்டிக்கிற ஸ்கூபா சிலிண்டர்ல காத்து நிரப்பணும்னா நான் ஒவ்வொரு தடவையும் கேரளா பார்டர் தாண்டிப் போகணும். நாலு சிலிண்டரையும் உருளாம இருக்க பழைய பெட்ஷீட் சுத்தி டிக்கில அடுக்கி வச்சுட்டுப் போவேன், யாராவது பாத்து என்ன கேஸ்னு கேட்டா வெறும் காத்துதான்னு சொல்லுவேன், ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. பக்கத்துல முட்டத்துலயும் குளச்சல்லயும் கடல்ல முங்குறதுக்கு இவ்வளவு அலைச்சலான்னுதான் வீட்லயே ஒரு கம்ப்ரஸர் வைக்கலாம்னு தோணுச்சு. செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு கிடைச்சுது. காத்தை மூணு ஸ்டேஜா அமுக்கும், நிமிஷத்துக்கு 100 லிட்டர் இழுக்கும், 3 கிலோவாட் மோட்டார்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். சிலிண்டர்ல ஹை ப்ரெஷர் நிரப்புறது நம்ம இஷ்டத்துக்கு செய்ற வேலை இல்ல, 2016 கேஸ் சிலிண்டர்ஸ் ரூல்ஸ் இருக்கு, அதைப் பாத்துக்க பெசோன்னு ஒரு மத்திய அரசு டிபார்ட்மெண்ட் இருக்கு. மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி அதை விசாரிங்க. நான் வாங்கின பிறகுதான் விசாரிச்சேன், அதனால மெஷின் கொஞ்ச காலம் தார்ப்பாய்க்குள்ளயே கெடந்தது. அந்த பேப்பர் வேலை தனி புராணம், இங்க வேண்டாம்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கல. "பஞ்சர் கடையிலயும் கம்ப்ரஸர்தானே இருக்கு, அதுல அடிச்சா என்ன?"ன்னு கேட்டாரு. கார் டயர்ல ப்ரெஷர் 2 பார் சொச்சம் இருக்கும், இது 200 பார், அதோட அந்த கம்ப்ரஸர் ஆயிலோட தள்ளுற காத்தை சுவாசிச்சா நுரையீரல் என்னாவும்னு சொன்னேன். ம்ம்னாரு.

கரண்ட் வேலை ரெண்டே நாள். த்ரீ பேஸ் ஏற்கனவே இருந்ததால தப்பிச்சேன். எலக்ட்ரீசியன் அண்ணன் சுவிட்ச் போட்டுட்டு "மக்கா, ஓடுது பாரு"ன்னாரு. ஓடுச்சு, தலைகீழா. ஃப்ளைவீல்தான் இதுல ஃபேன், அது சூடு தணிய மெஷினோட ஹெட் மேல காத்தை ஊதணும். ஒரு தினசரி பேப்பர் துண்டைப் பிடிச்சுப் பாத்தா எதிர்ப்பக்கமா இழுக்குது. மோட்டார் பாக்ஸ்ல ரெண்டு வயரை மாத்திப் போட்டதும் சரியாச்சு. கவனிக்காம அரை மணி நேரம் ஓட்டியிருந்தா ஹெட் சூட்டுல கெட்டுப் போயிருக்கும்.

என் சிலிண்டர் 11 லிட்டர், 200 பார்னா 2200 லிட்டர் காத்து, காலியில இருந்து நிரப்ப 22 நிமிஷம். அந்த 22 நிமிஷமும் டீ குடிக்கப் போக முடியாது, பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா ட்ரெயின் வால்வைத் திறக்கணும், புஸ்ஸுன்னு கஞ்சித்தண்ணி மாதிரி வெள்ளையா ஒண்ணு வரும், தண்ணியும் ஆயிலும் கலந்தது. நம்ம ஊரு ஈரக்காத்துக்கு அது வந்துட்டே இருக்கும். காத்தைச் சுத்தம் பண்ற ஃபில்டர் கார்ட்ரிட்ஜும் இங்க சீக்கிரம் தீரும், 20 டிகிரில எத்தனை மணி நேரம் வருமோ அதுல மூணுல ஒரு பங்குதான் 40 டிகிரில வரும். தகர ஷீட் போட்ட ஷெட்டுல ஏப்ரல்ல 40 எல்லாம் சர்வ சாதாரணம். அதனால இப்ப காலையில 6 மணிக்கே ஓட்டுறேன்.

இனிதான் நான் மாட்டுனது. எங்க வீட்டுக்க கிழக்கால ஒரு ரப்பர் புகைப்புரை இருக்கு, மாமி விறகும் சிரட்டையும் போட்டு ரப்பர் ஷீட்டைப் புகையில காய வைப்பாங்க. ஷெட்டுக்குள்ள லேசா புகை வாசம் வரும், சின்ன வயசுல இருந்தே பழகுன வாசம் என்கிறதால நான் அதை ஒரு விஷயமாவே எடுக்கல. ஃபில்டர்ல ஆக்டிவேட்டட் கார்பன் இருக்குதே, வாசத்தை அது பாத்துக்கும்னு விட்டுட்டேன். பாத்துக்கிட்டும் செஞ்சுது. வாயில வச்சு மூச்சு இழுக்கிற ரெகுலேட்டர்ல இழுத்துப் பாத்தா ஒரு வாசமும் இல்ல, அருமையான காத்து. அப்புறம் ஒரு ஃப்ரெண்டு வேற வேலைக்காகக் கொண்டு வந்த கார்பன் மோனாக்சைடு மீட்டர்ல, அதாவது புகையில இருக்கிற வாசமே இல்லாத விஷ வாயுவை அளக்குற மீட்டர்ல, சும்மா ஒருக்கா காட்டினா 17 பிபிஎம், பத்து லட்சத்துல 17 பங்கு! சுவாசிக்கிற காத்துக்கு ஐரோப்பிய ஸ்டாண்டர்டுல 5 பிபிஎம்தான் லிமிட். இதுல கொடுமை என்னன்னா தண்ணிக்குள்ள 30 மீட்டர்ல ப்ரெஷர் 4 மடங்கு, அப்ப அந்த 17 உடம்புக்கு 68 மாதிரி. கார்பன் ஃபில்டர் வாசத்தைத்தான் எடுக்கும், மோனாக்சைடை எடுக்காது, அப்ப வாசம் போனதே எனக்கு ஆபத்தாப் போச்சு. நாலு சிலிண்டரையும் வால்வைத் திறந்து விட்டுட்டு அங்கேயே திண்ணையில உக்காந்துட்டேன்.

அப்புறம் ஹாப்கலைட்னு ஒரு கெமிக்கல் இருக்கிற கார்ட்ரிட்ஜ் மாத்துனேன், அது மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடா மாத்தும், ஆனா ஈரம் பட்டா வேலை செய்யாது, அதனால ஈரம் உறிஞ்சுற மாலிக்குலார் சீவ்ங்கிற பொருளைத் தாண்டித்தான் அது இருக்கணும். அதை மட்டும் நம்பாம மெஷின் காத்து இழுக்கிற இன்டேக்கையே மேற்கு மூலைக்கு மாத்தி 2 இஞ்ச் பைப்புல மொட்டைமாடி டேங்குக்கு மேல ஏத்தி, வாயைக் கீழ வளைச்சு கொசுவலை கட்டுனேன். சின்ன பைப் போட்டா மெஷின் மூச்சுத் திணறும், போட்டுப் பாத்து ஹெட் சூடானதுல தெரிஞ்சுது. பைப் ஒட்டுன பசை வாசம் போற வரைக்கும் ஒரு வாரம் சும்மா வெயில்ல காய விட்டேன். ஷெட்டுல பைக் நிறுத்துறதையும் விட்டாச்சு.

கச்சான், அதான் மேற்குக் காத்து, அடிச்ச மாசம் எல்லாம் மீட்டர்ல 0, 1 தான். ஐப்பசில காத்து புகைப்புரைப் பக்கமிருந்து வாடையா திரும்பினதும் ஒரு நாள் காலையில 6 காட்டுச்சு, எட்டிப் பாத்தா புகைப்புரையில புகை. அன்னைக்கு நிரப்பல. மாமிகிட்ட விஷயத்தை சொன்னேன், புரிஞ்சுதோ இல்லையோ, இப்ப தீ போடுறதுக்கு முன்னாடி மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்து "தம்பி, உனக்க மெஷின் ஓடுதா?"ன்னு ஒரு சத்தம் வரும். ஓடிட்டு இருந்தா எனக்குக் கேக்காது, அவ்வளவு இரைச்சல், அதனால அவங்க பேரன்தான் மதில் ஏறி வந்து பாத்துட்டுப் போறான்.