காயாத புண்

கடலூரில் ஒரு மருத்துவமனையின் கட்டு மாற்றும் அறையில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், புண் என்றால் காய வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே இருந்ததில்லை. காஸ் துணி புண்ணோடு ஒட்டி உலர்ந்திருக்கும். சலைன் ஊற்றி ஊறவைக்க நேரமில்லாமல் இழுத்தெடுத்தால் பொட்டுப் பொட்டாக இரத்தம் துளிர்க்கும். அதைப் பார்த்து, புண் உயிரோடு இருக்கிறது, நல்லதுதான் என்று மூத்தவர்கள் சொல்வார்கள், நானும் நம்பினேன். துணியோடு பிய்ந்து வந்தது இரண்டு மூன்று நாள்களில் அரும்பியிருந்த புதுத்தோல் என்பது பின்னால்தான் விளங்கியது.

1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், இளம் பன்றிகளின் மேலோட்டமான காயங்களில் சிலவற்றைக் காற்றுப்பட விட்டு, சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடிப் பார்த்தார். மூடியவற்றில் மேல்தோல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகப் படர்ந்தது. விளிம்பிலிருந்து நகர்ந்துவரும் தோல் செல்களுக்கு ஈரமான தளம் வேண்டும். பொருக்குத் தட்டிவிட்டாலோ, அதற்கடியில் ஈரம் இருக்கும் ஆழம்வரை இறங்கித்தான் அவை வழி தேட வேண்டும். தீக்காயம் பட்டவர்களை வாழையிலையில் கிடத்திய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு, ஒட்டாத பரப்பின் அருமையாவது முன்பே தெரிந்திருந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த, மீன் விற்கும் ஆயா ஒருவருக்கு, அலுமினியக் கூடையின் விளிம்பு கிழித்ததில் முழங்காலுக்குக் கீழே ஆறாத புண் இருந்தது, சர்க்கரையும் உண்டு. தினமும் கட்டு மாற்ற வந்தால் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போக முடியாது என்பதால், புண்ணை ஈரமாக மூடிவைத்து, சில நாள் அப்படியே விடக்கூடிய ஹைட்ரோகொலாய்டு என்ற ஒட்டுப்பட்டையை மருத்துவர் ஒட்டச் சொன்னார். மூன்றாம் நாளே மகள் அதைப் பிரித்தெறிந்துவிட்டு அழைத்து வந்தார். "மஞ்சளா சீழ் புடிச்சு நாறுதும்மா!" அது சீழ் அன்று, கசிவை உறிஞ்சிய பட்டை கூழாக இளகும்போது அந்த நிறமும் ஒரு வாடையும் வரும். கழுவிய பிறகும் வாடை நின்றாலோ, சுற்றுத்தோல் சிவந்து சூடேறி வலி கூடினாலோதான் கவலைப்பட வேண்டும். இதை ஒட்டிய அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. பட்டையின் விலையை எண்ணி, ஏழு நாள்வரை விடலாம் என்ற கணக்கில், கசிவு மிகுந்த அந்தப் புண்ணில் ஆறு நாள் விட்டுவைத்தேன். பிரித்தபோது விளிம்பெல்லாம் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஆயா குனிந்து பார்த்துவிட்டு, "மீனு கழுவுன என் கையி மாதிரி ஆயிடுச்சே பாப்பா" என்றார். அதைவிடச் சரியாக எந்தப் பாடநூலும் சொன்னதில்லை. புண்ணுக்கு வேண்டிய ஈரம் சுற்றியுள்ள நல்ல தோலுக்கு ஆகாது. மருத்துவரிடம் காட்டி, கசிவை நன்றாக உறிஞ்சும் நுரைப்பட்டைக்கு மாறி, விளிம்பில் துத்தநாகக் களிம்பு தடவி, ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினோம். இரத்த ஓட்டம் குறைந்து கறுத்து உலர்ந்த கால்விரலுக்கு இந்த ஈர வைத்தியமே பொருந்தாது. அதை உலர்வாகவே வைத்திருப்போம்.

அதன்பின் நாள்கணக்கை நம்புவதை விட்டு, பட்டையின் ஓரத்திற்கு ஒரு விரல் உள்ளே பேனாவால் கோடு போட்டு, கசிவு அதை எட்டினால் வந்துவிடச் சொல்லத் தொடங்கினேன். ஒரு வியாழக்கிழமை, வரச் சொன்ன நாளுக்கு முன்பே ஆயா வாசலில் நின்றார். கூடை தலையிலேயே இருந்தது.

"கோட்டத் தாண்டிடுச்சு பாப்பா. சீக்கிரம் மாத்து, ஐஸு கரையுது."